ஏட்டிற் களவு, தோட்டத்திற் குற்றமோ?

தமிழைப் பாடமாகப் பயிலும் மாணவர் எவரும் தம் பரீட்சை வாழ்வில் ஒருமுறையேனும் எழுதித் தீரவேண்டிய விடை ஒன்றுண்டு. இயற்கைப் புணர்ச்சி யாது என்பதே அதற்குரிய வினா. ஒருவனும் ஒருத்தியும், கொடுப்பாரும் கூட்டுவாருமின்றித் தாமே எதிர்ப்பட்டு, ஒத்த விருப்பினராய், எவரும் அறியாத ஓரிடத்திலே கூடுதல் என்று நாம் விடை எழுதுகிறோம். அதற்குத் தெய்வப் புணர்ச்சி, முன்னுறு புணர்ச்சி என்னும் பெயர்களும் உண்டென்று சேர்த்துக்கொள்கிறோம். தொல்காப்பியர் இதற்கென்றே களவியல் என ஓரியல் வகுத்தாரென்றும், இறையனார் பெயரால் வழங்கும் அகப்பொருள் நூல் அறுபது சூத்திரங்களில் அகப்பொருளைக் களவு, கற்பு என வகுத்து உரைக்கின்றதென்றும் குறிப்பிட்டுப் புள்ளிகளைப் பெற்றுக்கொள்கிறோம். விரிவுரை மண்டபத்தில் இவ்விடயம் பேசப்படும்போது எவரும் முகஞ்சுளிப்பதில்லை. மாறாக, உலகில் வேறெந்த இனமும் காணாத பெருவாழ்வு இதுவென்று பெருமிதங் கொள்கிறோம்.

இந்தப் பெருமிதத்தின் நேர்மையை வினாவுக்குட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தினைப்புனத்திலே நிகழ்ந்ததாகப் பாடப்பட்டால் இலக்கியமாகும் ஒன்று, இன்று ரப்பர்க் காட்டிலே நிகழ்ந்தால் எவ்வாறு குற்றமாகின்றது? வயதுவந்த இருவர் தம் முழுமனத்தோடு கூடியதை விசாரிக்கும் உரிமை மூன்றாமவர் எவருக்கேனும் உண்டோ? இவ்வினாக்களுக்கு விடைகூறாது களவியலுக்கு உரை வகுத்துக்கொண்டிருப்பது அறிவு நேர்மையாகாது என்பது என் துணிபு.

கோயில் முன்றலில் ஒரு நியாயம்

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருவீதியும் கேகாலையிலிருந்து புளத்கொஹுப்பிட்டிய வழியாக வரும் வீதியும் சந்திக்கும் இடம் கரவனெல்ல. களனி கங்கை அருகே ஓடுகின்றது. சுற்றிலுமுள்ள குன்றுகளில் ரப்பர்த் தோட்டங்கள். மலையகம் என்றதும் தேயிலையையும் பனிமூட்டத்தையுமே நினைப்போருக்கு இப்பகுதி அவ்வளவாகத் தெரியாது. இங்கே கொழுந்துக் கூடை இல்லை. பால் வாளியும் சிரட்டையும் வெட்டுக்கத்தியுமே உண்டு. விடியுமுன் எழுந்து மரம் வெட்டவேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டில்லாவிடில் பெரும்பாலும் அன்றைய சம்பளமும் இல்லை. நான் பிறந்து வளர்ந்தது அத்தகைய தோட்டமொன்றில். தோட்டத்தின் பெயரையும் பின்வரும் நிகழ்ச்சிக்குரியோரின் பெயர்களையும் நான் எழுதப்போவதில்லை. அவர்கள் ஒருமுறை ஊர்நடுவே நிறுத்தப்பட்டது போதும்.

நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பால்வெட்டும் பெண்ணொருத்தி, வயது முப்பத்துநான்கு, கணவனை இழந்து ஆறாண்டு கழிந்திருந்தது. ஆண் அவளினும் சற்றே இளையவன், மணமாகாதவன். ஒருநாள் முற்பகலிலே பெருமழை பிடித்தது. பால் சேர்க்கும் கொட்டகையிலே இருவரும் ஒதுங்கினர். இருவருக்குமிடையே முன்னர் ஏதும் இருந்ததாக எவரும் கூறக் கேட்டிலேன். அன்று, அந்த மழைக்குள்ளே, அவர்கள் தாமாகவே ஒருவரையொருவர் விரும்பினர். அதனை எவனோ ஒருவன் கண்டான். அன்று மாலைக்குள் பீலிக்கரை முழுவதும் அதே பேச்சாயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை கோயில் முன்றலிலே நியாயம் கூடிற்று. ஆணிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: தண்டம் கட்டுகிறாயா, இல்லையா? அவன் தலையைக் குனிந்தவாறே கட்டுவதாகச் சொன்னான். அத்துடன் அவன் அலுவல் முடிந்தது. பெண்ணிடமோ ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக விசாரணை. பெரியவர்களுள் இரக்கமுள்ள ஒருவர் அவளைக் காப்பாற்றும் எண்ணத்துடன் ஒரு வழியும் காட்டினார். "அவன் பலவந்தம் பண்ணினான்னு சொல்லும்மா. நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்து, "இல்லீங்க. நானாத்தான் விரும்பினேன். அவரு மேல எந்தப் பிழையும் இல்ல" என்றாள்.

கூட்டம் கொதித்தெழுந்தது அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டே. அதுவரை அவளைப் பரிதாபத்தோடு பார்த்தவர்களும் காறி உமிழ்ந்தனர். திருவிழாவில் அவள் பால்குடம் எடுக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு எவரும் போகலாகாது என்றும் ஆயிற்று. ஒரு மாதத்துக்குள் அவள் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டாள். தண்டம் கட்டியவன் அடுத்த ஆண்டுத் திருவிழாவிலே நன்கொடைப் புத்தகத்துடன் லயம் லயமாக நடந்தான்.

நான் அந்த முன்றலின் ஓரத்திலே நின்றேன். தனியார் வகுப்பிலிருந்து திரும்பும் வழி அது. என் கைப்பையினுள்ளே குறுந்தொகைப் பாடல்களுக்கான குறிப்புகள் இருந்தன. நான் வாய்திறக்கவில்லை. இக்கட்டுரையை எழுதுவதற்கு எனக்குள்ள தகுதியும் தகுதியின்மையும் அதுவேயாகும்.

இசைவு ஏன் சுடுகின்றது?

அன்று நிகழ்ந்ததை ஆழ்ந்து நோக்குமிடத்து ஓருண்மை புலப்படும். அக்கூட்டம் உடலுறவைத் தண்டிக்கவில்லை. உறவிலே பெண்ணுக்கிருந்த விருப்பத்தையே தண்டித்தது. அவள் பலவந்தத்துக்கு உட்பட்டவளாகத் தன்னைக் கூறியிருப்பின் மன்னிக்கப்பட்டிருப்பாள். பொய்க்கு அங்கே மன்னிப்பிருந்தது, மெய்க்கு இருக்கவில்லை. நிரபராதியான ஓர் ஆணைச் சிறைக்கனுப்பும் பொய்யைச் சொல்லுமாறு அவளைத் தூண்டியவர்கள் தம்மை ஒழுக்கத்தின் காவலர் என்றே நம்பியிருந்தனர்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். மெய்யாகவே பலவந்தத்துக்கு உட்பட்ட பெண் இத்தகைய சபைக்கு வந்தால் என்ன நிகழும்? நீ ஏன் அங்கே போனாய், ஏன் கூச்சலிடவில்லை, உடம்பிலே காயம் எங்கே என்றல்லவா கேட்பார்கள்! இசைந்தவளை நோக்கி நீ இசைந்திருக்க மாட்டாய் என்பதும், இசையாதவளை நோக்கி நீ இசைந்துதான் இருப்பாய் என்பதும் ஒரே மனப்பாங்கின் இரு முகங்கள். இரண்டிலும் பெண்ணின் சொல் சாட்சியாக ஏற்கப்படுவதில்லை.

தோட்டங்களின் கடந்தகாலத்தை அறிந்தோர் இன்னொன்றையும் நினைவுகூர்வர். துரைத்தனம் கொடிகட்டிப் பறந்த காலத்திலே அதிகாரத்துக்கு அஞ்சி இணங்கிய பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கில்லை. பேர்ப்பதிவும் கடனும் கங்காணியின் கையில் இருந்தபோது, அவன் விருப்பத்துக்கு மறுப்புச் சொல்லக்கூடியவள் யார்? அவை இசைவின்றி நிகழ்ந்தவை, அவையே குற்றங்கள். துரையையும் கங்காணியையும் முன்றலில் நிறுத்தி விசாரித்த நியாயசபையொன்று இருந்ததாக எங்கள் தோட்டத்து முதியோர் எவரும் எனக்குச் சொன்னதில்லை. அதிகாரமுடையவன் அத்துமீறியபோது மௌனம் காத்த ஒழுக்கம், அதிகாரமற்ற இருவர் மனமொத்துக் கூடியபோது மாத்திரம் வீறுகொண்டெழுமாயின் அதனை ஒழுக்கம் என்பதெப்படி? அது வலியோர்முன் கூனி மெலியோர்முன் நிமிரும் கோழைத்தனமேயன்றி வேறில்லை.

சட்டம் யாது கூறுகின்றது?

நாட்டின் சட்டத்தைக் காப்பதாகவே இவர்கள் சிலவேளை பேசுவர். ஆகவே சட்டத்தையும் சற்று நோக்குவோம். 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில், வயதுவந்த ஆணும் பெண்ணும் மணவுறவுக்கு வெளியே மனமொத்துக் கூடுதல் குற்றமன்று. மணமானவர் பிறரோடு கூடுதலும் மணவிலக்குக்குரிய காரணமேயன்றிச் சிறைக்குரிய குற்றமன்று. எங்கள் தோட்டத்து இருவரோ எவருக்கும் வாக்களித்து மீறியவர்களுமல்லர்.

அச்சட்டக்கோவைக்கு 1995ஆம் ஆண்டிலே கொண்டுவரப்பட்ட 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இசைவு என்பதையே மையமாகக் கொண்டது. அச்சுறுத்தியோ, தடுத்துவைத்தோ, மதிமயக்கியோ பெறப்பட்ட இணக்கம் இணக்கமாகாது. எதிர்த்தமைக்குச் சான்றாக உடம்பிலே காயமிருத்தல் கட்டாயமன்று. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்ணின் இணக்கம் கணக்கில் எடுக்கப்படமாட்டாது. இவை யாவும் கோயில் முன்றல் நியாயத்தைவிட எவ்வளவோ நாகரிகமானவை. ஆயினும் அதே திருத்தத்திலே ஒரு பெருங்குறை நின்றுவிட்டது. கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துதல், நீதிமன்றம் அவர்களைப் பிரித்துவைத்திருந்தாலன்றி, வல்லுறவு எனக் கொள்ளப்படவில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தாலி கழுத்திலிருந்தால் பெண்ணின் மறுப்புக்குச் சட்டத்திலே மதிப்பில்லை. தாலி இல்லையென்றால் அவளது விருப்பத்துக்கு ஊரிலே மதிப்பில்லை. ஆக, அவள் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அந்தச் சொல் அவளுடையதன்று. நாம் கட்டிக்காக்கும் விழுமியத்தின் உள்ளீடு இதுதான்.

சட்டம் நேரடியாகத் தடுக்காததைச் சுற்றுவழியில் தடுப்பதற்கு 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் உண்டு. பொது இடத்திலே அநாகரிகமாக நடந்துகொண்டமை என்னும் குற்றச்சாட்டு அதிலிருந்தே பிறக்கின்றது. விக்டோரியா மகாராணியின் காலத்தில் ஆங்கில ஆட்சியாளர் இயற்றிய சட்டமது. அதே ஆட்சிதான் 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், கேகாலையை உள்ளிட்ட கண்டிப் பிரதேசத்துச் சிங்கள மக்களின் பழைய மணவழக்கங்களைத் தன் ஒழுக்கத்தின் அளவுகோலால் திருத்தப் புறப்பட்டது. நாம் நமது பண்பாடு என்று மார்தட்டுவதில் எவ்வளவு பகுதி நம்முடையது, எவ்வளவு பகுதி ஆங்கிலப் பாதிரியுடையது என்பதை ஆராயவேண்டிய கடன் கலைப்பீட மாணவருக்குண்டு.

நான்கு சுவர் யாருக்குண்டு?

பொது இடம் என்னும் சொல்லை இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்த்தல் வேண்டும். இப்பிரச்சினையின் வேர் அங்கேயே இருக்கின்றது.

கொழும்பிலே வசதிபடைத்த இருவர் மனமொத்தால் அவர்களுக்கு அறையுண்டு, கதவுண்டு, தாழ்ப்பாளுண்டு, பணங்கொடுத்தால் விடுதியுமுண்டு. அவர்கள் செய்வது அந்தரங்கம். தோட்டத்து லயத்திலே ஒரு காம்பரா ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதனுள்ளே தாய் தந்தையர், வளர்ந்த பிள்ளைகள், மணமுடித்த மகனும் மருமகளும், பாட்டியும் அடங்கவேண்டும். அடுத்த காம்பராவிலே இருமினால் இங்கே கேட்கும். முறைப்படி தாலிகட்டிய கணவன் மனைவியருக்கே தனிமை கிட்டாத இடமது. ஆகவேதான் கொட்டகையும் மரநிழலும் ஆற்றோரமும் அவர்களுக்கு அறையாகின்றன. பின்னர் அதே காரணத்தால் அவர்கள் செய்தது பொது இடத்து அநாகரிகமாகின்றது. செயல் ஒன்றே, சுவர் இருந்தால் அந்தரங்கம், சுவர் இல்லையேல் குற்றம். ஒழுக்கம் என்று இங்கே பேசப்படுவது உண்மையிற் சொத்தின் இன்னொரு பெயர்.

திணைக் கோட்பாட்டை அதன் பொருளாதாரத் தளத்தில் வைத்து விளக்க வேண்டுமென்று நமக்குக் கற்பித்தவர்கள் ஈழத்துப் பேராசிரியர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும். நிலமும் உற்பத்தி முறையும் மாந்தர் ஒழுக்கத்தை உருவாக்குகின்றன என்பது அவர்கள் வகுத்த பார்வை. அப்பார்வையைப் பழந்தமிழகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கரவனெல்லவுக்கும் கொண்டுவருவோம். லயம் என்பது வெறுங் கட்டடமன்று. தொழிலாளியின் தனிவாழ்வு மீது முதலாளி வைத்த கண். பிரட்டுக்களத்திலே பேர் எண்ணுவதற்கு வசதியாக மனிதரை வரிசையாக அடுக்கிவைத்த அமைப்பு அது. கண்காணிப்பு துரையின் தேவையாகத் தொடங்கியது. இன்று அது நமக்கு நாமே இட்டுக்கொண்ட விலங்காகிவிட்டது.

எங்கள் பிரதேசம் இடதுசாரி இயக்கத்தின் பழைய களங்களுள் ஒன்று. என். எம். பெரேரா 1936ஆம் ஆண்டிலே அரசாங்க சபைக்குத் தெரிவானது அருகிலுள்ள ருவன்வெல்லத் தொகுதியிலிருந்தேயாகும். கூலிக்காகவும் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் நிகழ்ந்த போராட்டங்கள் போற்றத்தக்கவை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறியபோதும் லயத்தின் சுவர் மாறவில்லை. நாம் சம்பளம் கேட்டோம், வீடும் கேட்டோம். வீடு என்பது மழைக்கு ஒதுங்கும் கூரை மாத்திரமன்று, மனிதன் பிறர் கண்ணிலிருந்து ஒதுங்கும் இடமும் அதுவே என்பதை எந்த மேதின மேடையிலும் நான் கேட்டிலேன்.

களவு கற்பில் முடியுமே என்பார்க்கு

தமிழறிஞர் சிலர் இவ்விடத்திலே ஒரு தடை எழுப்புவர். சங்கத் தலைமக்களின் களவு மணவாழ்வாகிய கற்பை நோக்கியது; அதனை இன்றைய கட்டற்ற நடத்தையோடு ஒப்பிடலாகாது என்பது அவர் வாதம். இவ்வாதம் வலியதுபோலத் தோன்றினும் நூல்களின் முன் நிற்காது.

களவெல்லாம் கற்பில் முடியும் என்ற உறுதி தலைவிக்கு எப்போதும் இருக்கவில்லை. குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டு கபிலர் பாடியது. கூடிய வேளையிலே அங்கிருந்தவன் தலைவன் ஒருவனே. அவன் சொல் தவறினால் என் செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். வேறு சாட்சி உண்டெனின், ஓடும் நீரில் ஆரல்மீனை எதிர்பார்த்து நின்ற குருகு மாத்திரமே. கைவிடப்படும் அச்சத்தை இவ்வளவு நேராகச் சொன்ன மரபிலே கவனிக்கத்தக்கது யாதெனில், அப்புலவர் அவளைப் பழிக்கவில்லை என்பதே. நீ ஏன் கூடினாய் என்று அவளை எவரும் கேட்கவில்லை. அவன் சொல்லைக் காப்பானா என்பதே அங்குள்ள வினா. பழி, வந்தால், பொய்த்தவனுக்கே உரியது.

அலர் தூற்றும் ஊரும் சங்கப் பாடல்களில் உண்டு. பெண்ணை வீட்டினுள் அடைக்கும் இற்செறிப்பும் உண்டு. மகளின் மெலிவுக்குக் காரணமறியாமல் வேலனை அழைத்து வெறியாட்டெடுக்கும் தாயும் உண்டு. அப்புலவர்கள் நம் தோட்டத்து நியாயசபையை நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும். ஆயின் அவர்கள் எந்தப் பக்கம் நின்று பாடினர்? தூற்றும் ஊரின் பக்கமோ? அன்று. அலருக்கு அஞ்சி உள்ளம் வெதும்பும் பெண்ணின் பக்கமே நின்றனர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழறிவித்தற்குக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது மரபு. அப்பாட்டின் பொருள் களவு. அயலானுக்குத் தமிழ் யாதென்று காட்ட நேர்ந்தபோது நம் முன்னோர் எடுத்துக்காட்டியது இதனைத்தான்.

கரணம் என்னும் சடங்கு தோன்றியதற்குத் தொல்காப்பியர் கூறும் காரணமும் ஈண்டு நோக்கற்பாலது. பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் சடங்கை வகுத்தனர் என்பது அவர் கருத்து. அதாவது சடங்கு ஏற்பட்டது ஏமாற்றுக்காரனைத் தடுப்பதற்கு. விரும்பியவளை வதைப்பதற்கன்று.

ஆயினும் பழைமையை முற்றாகப் புகழ்ந்து தப்பிக்கொள்ள நான் விரும்பவில்லை. அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கின்றது. ஏவலரும் தொழிலாளரும் காதலிக்கலாம். ஆனால் அது ஐந்திணையாகிய உயர்ந்த காதலாக எண்ணப்படாது. நம் இலக்கணத்தின் நெஞ்சிலே இருந்த வர்க்கக் கோடு இதுவாகும். பால்வெட்டும் பெண் வினைவலருள் ஒருத்தி. நாம் களவியலின் விரிந்த மனத்தைப் பரீட்சைத் தாளில் விட்டுவிட்டு, இந்த ஒரு கோட்டை மாத்திரம் ஊருக்குக் கொண்டுசென்றோம் போலும்! மேட்டுக்குடியினர் கூடினால் அகத்திணை. வினைவலர் கூடினால் அசிங்கம்.

கடல்கடந்த இரு சான்றுகள்

இந்நோய் ஈழத்துக்கு மாத்திரம் உரியதன்று. தமிழகத்திலே 2005ஆம் ஆண்டு நடிகை குஷ்பு, மணத்துக்கு முந்திய உறவுபற்றி ஒரு சஞ்சிகைக்குக் கருத்துரைத்தார். உறவு கொள்வோர் கருத்தரிப்பும் நோயும் நேராதவாறு காத்துக்கொள்ள வேண்டுமென்றும், படித்த ஆண்மகன் தன் மணமகள் கன்னியாயிருக்க வேண்டுமென எதிர்பார்க்கலாகாது என்றும் அவர் கூறியதே குற்றமாயிற்று. தமிழ்ப் பெண்களின் கற்பை இழித்துரைத்தார் எனக் கூறி இருபத்துமூன்று வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2010 ஏப்ரல் 28ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அவை அனைத்தையும் தள்ளுபடி செய்தது. வயதுவந்தோர் மனமொத்து உறவு கொள்ளுதல், பிறன்மனை உறவுபற்றிய அக்காலத்துச் சட்டப்பிரிவு நீங்கலாக, குற்றமாகாது என அத்தீர்ப்புத் தெளிவுபடுத்தியது. அந்தப் பிரிவும் 2018 செப்ரெம்பர் 27ஆம் திகதி அரசியலமைப்புக்கு முரணானதென நீக்கப்பட்டது.

பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத பெண், தேர்த் திருவிழா இரவிலே முன்பின் அறியாத ஆடவனைக் கூடிக் கருவுறலாம் என்னும் பழைய வழக்கமொன்று திருச்செங்கோட்டில் நிலவியதாக அந்நாவல் சித்திரித்தது. அதன் பொருட்டு எழுந்த எதிர்ப்பினால், எழுத்தாளனாகிய தான் இறந்துவிட்டதாக 2015 சனவரியிலே அவர் அறிவிக்க நேர்ந்தது. 2016 யூலையிலே சென்னை உயர் நீதிமன்றம் நூலைத் தடைசெய்ய மறுத்தது. இரு வழக்குகளிலும் கூச்சலிட்டோர் தமிழின் பெயராலேயே கூச்சலிட்டனர். களவியல் எழுதிய மொழியின் பெயரால்!

எஞ்சும் ஓர் அச்சம்

நியாயமான ஓர் எதிர்வாதம் எஞ்சியிருக்கின்றது. தோட்டத்துத் தாய்மார் கூறுவது அது. "நீ படித்த பிள்ளை, பேசுவாய். வயிற்றில் ஒன்று தங்கினால் சுமப்பவள் யார்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இதனை எள்ளிநகையாடும் உரிமை எனக்கில்லை. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக் குற்றமாயுள்ள நாடு இது. ஆண் தண்டம் கட்டிவிட்டு நடப்பான்; பெண் சுமப்பாள். அந்த அச்சம் மெய்யானது.

ஆனால் அவ்வச்சத்துக்கு மருந்து நியாயசபையன்று. கருத்தடைபற்றிய அறிவை மணமானவளுக்கு மாத்திரம் உரியதாக எண்ணாமல் வயதுவந்த எல்லோருக்கும் கூச்சமின்றிக் கொடுத்தலே மருந்து. பிறந்த பிள்ளைக்குத் தந்தையிடம் பராமரிப்புக் கோரும் சட்டவுரிமையை அப்பெண்கள் அறியச்செய்தலே மருந்து. அவள் பெயரில் ஒரு வீடும், அவ்வீட்டிலே உள்ளிருந்து பூட்டக்கூடிய ஒரு கதவும் மருந்து. அலரும் அடைப்பும் எந்தப் பெண்ணையும் காத்ததில்லை. அவை செய்ததெல்லாம் பொய்த்தவனுக்கு மறைவிடம் அமைத்துக் கொடுத்ததேயாகும். ஊரின் பழிக்கு அஞ்சி அவள் வாய்திறக்கமாட்டாள் என்பதுதானே வஞ்சகனின் முதல் நம்பிக்கை!

நான் கட்டற்ற வாழ்வைப் போதிக்கவில்லை. எவரும் எவரோடும் கூடவேண்டுமென்று கூறவுமில்லை. கூடுதலும் கூடாமையும் அவ்விருவரின் மனத்துக்குரியவை. விரும்பாதவரை எவரும் தீண்டலாகாது, விரும்பிய இருவரை எவரும் விசாரிக்கலாகாது என்பதே என் வாதம். இவ்விரண்டும் ஒரே அறத்தின் இரு பாதிகள். முதற்பாதியை ஏற்று மறுபாதியை மறுப்பவர் உண்மையில் எதனையும் ஏற்றாரல்லர்.

இச்சஞ்சிகையை வாசிக்கும் மாணவருள் பலர் நாளை ஆசிரியராவர், சிலர் விரிவுரையாளராவர், கிராம அலுவலராகவும் தொழிற்சங்க அலுவலராகவும் தோட்டப்பகுதிகளுக்குச் செல்வோரும் இருப்பர். அங்கே ஏதோவொரு முன்றலிலே நியாயம் கூடும். உங்களைப் படித்தவர் என்று சொல்லிப் பாயிலே உட்காரவைப்பர். அப்போது என்னைப்போல் ஓரத்திலே நில்லாதீர்கள். இங்கு விசாரிப்பதற்கு எதுவுமில்லை என்று சொல்லி எழுந்து வெளியேறுங்கள். அதற்குத் துணிவில்லையெனின், அடுத்த பரீட்சையிலே இயற்கைப் புணர்ச்சி பற்றிய வினாவைத் தொடாது விடுங்கள்.

மழை பிடிக்கும் நாட்களில் அந்தக் கொட்டகையைக் கடந்தே இன்றும் நான் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கின்றது. அதன் வாயிலுக்கு இப்போது பூட்டுப் போட்டிருக்கிறார்கள். லயத்துக் காம்பராக்களின் கதவுகளில் பலவற்றுக்கு இன்னமும் தாழ்ப்பாளில்லை.